முன்னால் பன்னிரண்டு கிலோமீட்டர், பின்னால் பன்னிரண்டு

என்னை அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்சியாளர் ஆக்கியது ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

அகதியாக வந்தவன் கடதாசியை எறியமாட்டான். முதல் வதிவிட அனுமதி, வட நோர்வேயில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையின் முதல் சம்பளத் துண்டு, காசநோய்ப் பரிசோதனை முடிவு, மகளின் பாலர் பள்ளிக் கடிதம் எல்லாம் ஒரு பச்சைக் கோப்புக்குள் என்னோடு ஊர்வலம் வரும். பல் பிடுங்கப் போனாலும் கொண்டுபோவேன். யாராவது திடீரென்று "நீ யார்?" என்று கேட்டால், வாயில் பஞ்சு இருந்தாலும் கையில் விடை இருக்கவேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு வசந்தகால மாலை. ஒஸ்லோவில், நாங்கள் இருக்கும் பியோர்ண்டாலில் ஒரு வகுப்பறை. அப்போது பதின்மூன்று வயதான என் மகள் பள்ளிக்கூடச் சுவரில் கண்ட அறிவித்தலைப் பார்த்து, முட்டைப் பந்தை வைத்துக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளும் இந்த விளையாட்டில் சேர்ந்திருந்தாள். பெற்றோர் கூட்டம். சங்கத் தலைவி அறுபது வயதுக்கார நோர்வேப் பெண். கதைப்பது குறைவு, பார்ப்பது அதிகம். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் தாயாருக்குச் சுகமில்லை என்று அவசரமாக ஊருக்குப் போய்விட்டார் என்றார். சனிக்கிழமை முதல் போட்டி. பிள்ளைகளோடு வேலை செய்வதற்குப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும்; விண்ணப்பித்தால் வரக் கிழமைக்கணக்காகும்.

"இங்கே யாரிடமாவது ஏற்கெனவே இருக்கிறதா?"

மற்றப் பெற்றோர் மேசையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். கேள்விக்கு விடை தெரிந்த மாணவனின் புளுகம் அது, வேறொன்றுமில்லை. தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓட்டம் முடியும் இடத்தில் கயிறு பிடிப்பதற்காக எடுத்த சான்றிதழ் கோப்பில் இருந்தது. உருவிக் கொடுத்தேன். தலைவி அதை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டி முடிந்த பிறகுதான் எதற்கு என்று விளங்கியது.

இந்த நாட்டில் டூக்னாட் என்று ஒன்று உண்டு. சங்கம், பள்ளிக்கூடம், குடியிருப்பு எதுவானாலும் எல்லாரும் சேர்ந்து சம்பளமில்லாமல் வேலை செய்யவேண்டும். ஒருவர் சீருடை துவைப்பார், இன்னொருவர் வேலிக்குப் பெயின்ற் அடிப்பார். யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். வராதவரை யாரும் மறக்கவும்மாட்டார்கள். நான் வாஃபிள் சுடுவதாக நினைத்துத்தான் போயிருந்தேன்.

"வாஃபிளுக்கு ஆள் இருக்கிறது," என்றார் தலைவி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"பந்து உருண்டையில்லை."

"அதுக்குமேல?"

"பாப்பம்."

"ஏலாது எண்டு சொல்லத் தெரியாதோ? ஒரு சொல்லு. அதுக்கும் சான்றிதழ் வேணுமோ?"

சொல்லத் தெரியாது. அதுதான் என் வாழ்க்கை வரலாறு. தொழிற்சாலையில் "இரவு வேலைக்கு வருவாயா?" என்றால் ஓம். தேவாலயத்தில் "திருவிழாவுக்குப் பந்தல் போடுவீங்களோ?" என்றால் ஓம். இப்படி ஓம் ஓம் என்று சொல்லியே ஒருவன் தலைமைப் பயிற்சியாளர் ஆகலாம் என்பதற்கு நானே சாட்சி.

பகலில் பஸ் ஓட்டுவேன். இடைவேளையில் கைபேசியில் அமெரிக்கப் பயிற்சியாளர்களின் காணொளிகளைப் பார்ப்பேன். அவர்கள் எல்லாருக்கும் கழுத்து இல்லை. எனக்கு வயிறு இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று நம்பினேன். தாக்குதல் திட்டங்களின் ஆங்கிலப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. அதனால் உறவுமுறைப் பெயர் வைத்தேன். பந்தைக் கொடுப்பதுபோல் நீட்டிவிட்டுத் தானே வைத்துக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் "சித்தப்பா". எல்லாரும் ஒரே பக்கமாகக் கிளம்பி, வழியில் நிற்கிறவர்களையும் அள்ளிக்கொண்டு போவது "மாமி". வெள்ளைக்காரப் பிள்ளைகள் மைதானத்தில் "சித்தப்பா! சித்தப்பா!" என்று கத்துவார்கள். எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. சில வேளை எங்களுக்கும்தான்.

இரண்டாம் வருடம் ஓர் உதவியாளர் கிடைத்தார். தமிழ்நாட்டுப் பொடியன், கணினி வேலைக்காக வந்தவர், அதற்குமுன் மூன்று வருடம் அமெரிக்காவில் இருந்தவர். விளையாட்டைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் எங்களுக்குள் ஒட்டுதல் வந்துவிட்டது. நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னை சார் என்பார். நான் "பெடியளைக் கூப்பிடும்" என்றால் ஒரு கணம் யோசித்துவிட்டு, "பசங்களையா சார்?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு ஓடுவார்.

இந்த நாலு வருடத்தில் நான் தலையில் ஹெல்மெட் மாட்டியதே இல்லை. மாட்ட ஏலாது. கம்பி முகமூடி, காதை அமுக்கும் பஞ்சு, தாடைக்குக் கீழே வார். அதைக் கையில் பிடித்தாலே என் மூச்சு ஓட்டப்பந்தயத்துக்குப் பதிவு செய்துவிடும். பிள்ளைகள் போட்டுக் காட்டச் சொன்னால் என் தலை பெரிது என்பேன். மனைவி அதை உடனே ஆமோதிப்பாள்.

மூடிய இடம் எதுவும் எனக்கு ஒத்துவராது. நாங்கள் நாலாம் மாடி. லிஃப்டில் ஏறமாட்டேன், உடற்பயிற்சி என்பேன். இருபது கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுகிறவனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் என் உடற்பயிற்சி ஆர்வத்தை மெச்சினார். நிலத்தடி ரயில் ஓட்டினால் சம்பளம் கூட என்றார்கள், பஸ்தான் என்றேன். பஸ்ஸில் கதவுக்கான பொத்தான் என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காரணம் பழையது. முப்பது வருடத்துக்கு முன் ஐரோப்பாவின் ஏதோ ஒரு எல்லையை நான் ஒரு லொறியின் பின்பக்கத்தில் கடந்தேன். பன்னிரண்டு பேர், தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால். மூன்று மணித்தியாலம் என்றார்கள். பத்தொன்பது. கடைசி நாலு மணித்தியாலத்தில் யாரும் கதைக்கவில்லை, கதைத்தால் காற்று முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னதால். கதவு திறந்தபோது பன்னிரண்டு பேரும் உயிரோடு இருந்தோம். ஆகவே சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைத்து நான் யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு நான் தக்காளி சாப்பிடுவதில்லை என்று மட்டும் தெரியும்.

சரி. போன மே மாதத்துக்கு வருகிறேன்.

பேர்கனில் போட்டி. சனிக்கிழமை மாலை ஆறு மணி. வராத அணி தொடரிலிருந்து நீக்கப்படும். பதினேழு வயதான என் மகளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் இந்த அணியில் இதுதான் கடைசி வருடம். பஸ் வாடகைக்குக் கிடைத்துவிட்டது, ஓட்டுநர்தான் இல்லை என்றார் தலைவி. பிறகு என் கோப்பைப் பார்த்தார்.

"உன்னிடம் பெரிய பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதல்லவா?"

அந்தக் கோப்பை நான் எப்போதோ எரித்திருக்கவேண்டும்.

ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குச் சுரங்கப்பாதை இல்லாத வழி இருக்கிறதா என்று இரண்டு கிழமை வரைபடத்தைத் துளைத்தேன். இந்த நாட்டுக்காரர் மலையைக் கண்டால் சுற்றிப் போகமாட்டார்கள், குடைவார்கள். நாங்கள் போகும் வழியில் லேர்டாலில் இருப்பது இருபத்துநான்கரைக் கிலோமீட்டர். உலகத்திலேயே நீளமான வீதிச் சுரங்கம் என்று சுற்றுலாக் கையேடு பெருமைப்படுகிறது. அதற்கு மேலால் ஒரு பழைய மலைவீதி உண்டு. பனி உருகினால்தான் திறப்பார்கள். ஒவ்வொரு காலையும் பல் துலக்கமுன் வீதித் திணைக்களத்தின் இணையப் பக்கத்தைப் பார்ப்பேன். மூடப்பட்டுள்ளது. அடுத்த நாளும். வெள்ளிக்கிழமை அந்தோனியாரிடமும் சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை காலை, மூடப்பட்டுள்ளது.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், தலைவி, தம்பி, நான். வெளிச்சமான நாள். லேர்டால் வரைக்கும் என்னைப்போல ஓட்டுநர் இல்லை என்று சொல்லலாம். சின்னச் சின்னச் சுரங்கங்கள் வந்தன. நுழையும்போதே மறுபக்க வெளிச்சம் தெரிகிறவை. மூச்சை அடக்கிக் கடந்தேன். ஆனால் பெரியது நெருங்க நெருங்க எனக்கு ஓய்விடங்கள்மேல் அளவில்லாத அன்பு பிறந்தது.

"சார், இதோட நாலாவது டாய்லெட் பிரேக்," என்றார் தம்பி. "பசங்க யாருக்குமே வரலை சார்."

"முன்னெச்சரிக்கை."

சுரங்கத்துக்கு முன்னால் இருந்த கடைசி எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினேன். இறங்கி டயரைப் பார்த்தேன். எண்ணெய் பார்த்தேன். கண்ணாடி துடைத்தேன். மறுபடி டயர். சாவி கையிலேயே இருந்தது. என் வயதில் ஒருவன் ஒரு பஸ்ஸைச் சுற்றி ஆறு தரம் வலம்வருவதைக் கண்ட நோர்வேத் தம்பதியர், ஏதோ மதச் சடங்கு என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

மகள் இறங்கி வந்தாள்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"டயர் பாக்கிறன்."

"அந்த டயரை மூண்டு தரம் பாத்திட்டீங்கள்."

"இது முக்கியமான டயர்."

அவள் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"துன்னெலோ?" சுரங்கத்துக்கு அவள் சொல்லும் நோர்வேச் சொல் அது.

நான் மறுபடி டயரைப் பார்த்தேன்.

"அப்பா, நீங்கள் எங்கட ஹைஸில ஒருநாளும் ஏறினதில்லை." லிஃப்டை அவள் நோர்வே மொழியில்தான் சொல்வாள். "நான் சின்னனில நினைச்சன், அது பிள்ளையளுக்கும் அம்மாக்களுக்கும் மட்டும் எண்டு. பிறகு விளங்கிச்சு."

"எப்ப?"

"எட்டு வயசில."

நான் கட்டிக்காத்த பரம இரகசியம் ஒன்பது வருடமாக வீட்டுக்குள் சும்மா நடமாடியிருக்கிறது.

"பின்னால இருபத்திரண்டு பேர் இருக்கினம் அப்பா," என்றாள், மெதுவாக. "நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறீங்களோ?"

அந்தக் கேள்விதான் என்னை நகர்த்தியது. பஸ்ஸுக்குள் நான் மயங்கினால் என்ன ஆகும் என்று இரண்டு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நினைப்பில் பஸ்ஸுக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். தலைவியிடம் போனேன். அவர் வெயிலில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதில் முதல் தரம் அந்தச் சொல்லைச் சொன்னேன். "ஏலாது. என்னால் இதற்குள் ஓட்ட முடியாது. மூடிய இடம் எனக்கு ஆகாது."

வெட்கத்தில் காது எரிந்தது. ஆனால், உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூலையில் சின்ன சந்தோஷமும் இருந்தது. இத்தோடு பயிற்சியாளர் பதவி போய்விடும். விடுதலை. நோர்வேக்காரரை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஒருவன் தன் பலவீனத்தை ஒளிக்காமல் சொன்னால் இவர்களுக்குக் கண் கலங்கிவிடும். இலையுதிர்காலக் கூட்டத்தில் "வெளிப்படையான மனிதர்" என்று என்னைப் புகழ்ந்து இன்னும் இரண்டு வருடத்துக்கு ஏகமனதாகத் தெரிந்தெடுத்தார்கள்.

அன்று தலைவி வாழைப்பழத் தோலைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "நல்லது, சொன்னாய்," என்றார். பிறகு எண்ணெய் நிலையத்துக்குள் போனார். அங்கே காசாளர் யாரையோ அழைத்தார், அந்த யாரோ வேறு யாரையோ. முக்கால் மணித்தியாலத்தில் ஒரு கிழவர் துவிச்சக்கரவண்டியில் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இப்போதும் கூப்பிட்டால் ஓட்டுவாராம். பேர்கனில் தங்கைச்சி இருக்கிறாள், கண்டு கனகாலம், வருகிறேன் என்றார். அவருடைய அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, திகதியைச் சரிபார்த்துத்தான் சாவியைக் கொடுத்தேன். பழக்கதோஷம்.

ஓட்டாமல் இருந்தால் பயம் குறையும் என்று நினைத்தேன் பாருங்கள். ஓட்டுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங்காவது உண்டு. முன் இருக்கையில் இருந்த எனக்கு, வாந்தி வந்தால் பிடிக்க மடியில் ஒரு வாளி. அதுவும் பந்துகள் போடும் வாளி.

நுழைந்தோம். பகல் பின்னால் சாத்தப்பட்டது.

"உள்ளே என்ன இருக்கிறது?" என்று கிழவரிடம் கேட்டேன்.

"ஒன்றுமில்லை. அதுதான் அலுப்பு."

"மேலே?"

"மலை."

"எவ்வளவு?"

"ஓர் ஆயிரம் மீட்டர் இருக்கும்."

ஏன் கேட்டேன்?

ஆறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஓட்டுநர்களின் கண் களைக்காமலிருக்க அகலமான குகை வெட்டி, நீல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். முதல் குகை வந்தது, போனது. விளக்குகளை எண்ணினேன். நூற்றுப் பத்தோடு எண் குழம்பியது. சட்டைக் கழுத்தைத் திறந்தேன். ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. காற்று எல்லாம் இருபத்திரண்டு வாலிபர்களின் மூக்குக்குள் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. யாராவது கதைத்தால் முடிந்துவிடும். பின்னால் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். என் மூக்கில் தக்காளி மணம் வந்தது.

"நிற்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். தமிழில். கிழவருக்குத் தமிழ் தெரியாது. என் முகம் எந்த மொழியிலும் வாசிக்கக்கூடியதாக இருந்திருக்கவேண்டும். அடுத்த நீலக் குகை கண்ணில் பட்டதும் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்.

இறங்கிப் படியில் குந்தினேன். தம்பி முன்னால் மண்டியிட்டார்.

"சார், என்னைப் பாருங்க. இன்... அவுட்... ஆபீஸ்ல கோர்ஸ் கொடுத்தாங்க சார். இன்..."

"தம்பி, தயவுசெய்து நீர் இந்தக் காத்தை எடுக்காதேயும்."

தலைவி தேநீர்க் குடுவையைத் திறந்தார். பிள்ளைகள் இறங்கி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்கள். மகள்தான் நோர்வே மொழியில் சொன்னாள்: "எப்படியும் பிந்திப்போய்த்தான் சேருவோம். இங்கேயே உடம்பைச் சூடாக்குவோம். வீதிக்குப் போகாமல் சுவர் ஓரம்."

வரிசை கட்டினார்கள். முன்வரிசை குனிந்தது. நீல வெளிச்சத்தில் எல்லாரும் பிரேதம்போல இருந்தார்கள். நான் வாளியைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். இடது பக்கத்தில் நின்ற நெட்டையனின் பின்பக்கம் ஒட்டகத் திமில்போல மேலே நின்றது. நாலு வருடமாகச் சொல்கிறேன்.

"குனி! இன்னும் குனி! அப்படி நின்றால் ஆட்டுக்குட்டியும் உன்னைத் தள்ளிவிழுத்தும்!"

குகை அதையே எனக்குத் திருப்பிச் சொன்னது. எழும்பிப் போனேன். அவன் முதுகில் கைவைத்து அமுக்கினேன். வலது பக்கக்காரிக்குக் காலை அகட்டச் சொன்னேன். "சித்தப்பா!" என்றேன். ஓடினார்கள், மோசம். "மறுபடி!" மறுபடி ஓடினார்கள், கொஞ்சம் மோசம். "நீட்டுகிற கையை நம்பும்படியாக நீட்டு! கொடுக்கப்போகிறவன்போல முகத்தை வை!" இப்படி நாலைந்து நிமிடம் போயிருக்கும். திடீரென்று நான் பயப்படவில்லை என்று கவனித்தேன். கவனித்த மறுவிநாடி, மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க வந்த விருந்தாளிபோல அது திரும்பி வந்து நின்றது.

மகள் கிட்ட வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"அப்பா, வேணுமெண்டால் திரும்பிப் போவம். மட்ச்சை விடுவம்."

"மற்றப் பிள்ளையள்?"

"கேட்டனான். ஓம் எண்டவை."

பின்னால் பார்த்தேன். இருபது பேர் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றார்கள். நெட்டையன் மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். கடைசி வருடம். அவர்களில் ஒருவராவது முகம் சுளித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"திரும்பினால் எவ்வளவு தூரம்?" என்று கிழவரைக் கேட்டேன்.

"பன்னிரண்டு கிலோமீட்டர்."

"முன்னால்?"

அவர் யோசித்தார். நேர்மையான மனுசன். "பன்னிரண்டு."

உலகத்திலேயே நீளமான பொந்தின் நட்டநடுவில் பஸ்ஸை நிறுத்தவைத்திருக்கிறேன். வேறு யாருக்கு இப்படி அளந்து பயம் வரும்? எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்லமாட்டேன். தம்பி என் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வகைச் சிரிப்பு.

"ஏறுங்கோ," என்றேன். "முன்னுக்கு."

அந்தப் போட்டியில் தோற்றோம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், காத்திருக்கவேண்டாம். நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தோம், பதினொரு நிமிடம் மிச்சமிருந்தது, பெரிய வித்தியாசத்தில் தோற்றோம்.

மகள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கதை, என்றேன். என்னத்தை, என்றாள். எதையாவது, காற்று முடியிறமாதிரிக் கதை. அவள் தன் வகுப்புப் பெடியன் ஒருவனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். மற்ற நாளென்றால் அந்தப் பெயரைக் கேட்டே எனக்கு மூச்சு நின்றிருக்கும். அன்றைக்கு அவனுடைய தாய்தகப்பன், சமையல், சைக்கிள், ஒவ்வாமை எல்லாவற்றையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது குகை போனது. அவனுக்கு வேர்க்கடலை ஒத்துவராதாம். வளைவு வந்தது. வளைவுக்கு அப்பால் ஒரு வெள்ளைப் புள்ளி, பிறகு பொத்தான், பிறகு கதவு.

வெளியே வந்தோம். வெயில், பச்சை மலை, ஒரு வெள்ளை வீடு. பிள்ளைகள் கூரையில் அடித்துக் கூச்சல் போட்டார்கள். நானும் போட்டேன். வாளி காலியாகவே இருந்தது. அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன், கிண்ணம் வென்றவன்போல. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர் சார்," என்றார். எனக்கு யேசுவும் மாதாவும் இந்தக் கிழவரும் ஒரே வரிசையில் தெரிந்தார்கள்.

கிழவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது ஐந்து கிலோமீட்டர்தான்," என்றார். "அதற்குப் பிறகு இன்னொன்று, பதினொரு கிலோமீட்டர்."

வரைபடத்தில் பார்த்திருந்தேன். பெரியதையே பார்த்துப் பயந்ததில் மற்றவற்றுக்குப் பயப்பட மறந்துபோனேன். மலைச்சுவரில் அடுத்த கறுப்பு வாய் ஏற்கெனவே தெரிந்தது. வாளியை மடியில் நேராக வைத்தேன்.

"அந்தப் பெடியன்ர தகப்பன் என்ன வேலையெண்டு சொன்னனீ?" என்று மகளைக் கேட்டேன்.